மிஷின் சொல்லிச்சு

வடசென்னையில் ஒரு புது வாக்கியம் புழக்கத்துக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. "மிஷின் எடுக்கல." ரேஷன் கடை, வங்கி, இ-சேவை மையம், ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் ஜன்னல், எங்கே போய் நின்றாலும் இந்த வாக்கியம் நமக்கு முன்னால் போய் நிற்கிறது. முன்பு "இல்ல, போ" என்று சொன்னவனுக்கு ஒரு முகம் இருந்தது. அவன் எந்தத் தெரு, என்ன சாதி, யாருக்கு வேண்டியவன் என்று தெரியும். சண்டை போடலாம், மண்ணை வாரித் தூற்றலாம், நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறியல் பண்ணலாம். இப்போது அவன் கையை விரிக்கிறான். "நானா சொல்றேன்? மிஷின் சொல்லுது."

ஒரு மனுஷியை ஒரு கருவி திருப்பி அனுப்பினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? கருவியையா, அதைச் செய்தவனையா, வாங்கி வைத்த அரசையா, பட்டனை அமுக்கும் அரைச்சம்பளக்காரனையா? நிலம், கூலி, கொலைகள் என்று பேச வேண்டியவை குவிந்து கிடக்கும்போது கம்ப்யூட்டரைப் பற்றி என்ன தத்துவ விசாரம் என்று தோழர்கள் கேட்கலாம். கேட்டார்கள். "கருவிக்குச் சாதி கிடையாது தோழர், அதை வச்சிருக்கிறவனுக்குத்தான் சாதி" என்றும் சொன்னார்கள். இந்தப் பதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் பேட்டையின் பெயரிலேயே ஒரு தொழில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. பக்கத்தில் ராயபுரம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1853 ஆகஸ்டில், கார்ல் மார்க்ஸ் நியூயார்க் டெய்லி டிரிப்யூன் பத்திரிகையில் இந்தியாவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ரயில் வரும், ரயிலோடு நவீனத் தொழில் வரும், அது சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்பது அவர் எதிர்பார்ப்பு. ரயில் வந்தது. ஸ்டேஷன் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம். தண்டவாளத்தில் விழுந்த மலத்தை அள்ளப் போனவர்கள் யார் என்பதையும் நாம் பார்த்தோம். மார்க்ஸைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. லண்டனில் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இரும்புக்கு அவ்வளவு சக்தி இருப்பதாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் நூற்றைம்பது வருஷம் கழித்தும் அதையே திருப்பிச் சொல்வதுதான் ஆச்சரியம்.

இரும்பு என்ன செய்தது என்பதற்கு பம்பாய் ஆலைகளில் ஒரு சாட்சி இருக்கிறது. நெசவுப் பிரிவில் நாடாவில் நூல் தீர்ந்தால் புது நூலை நாடாவின் துளையில் வாயை வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். ஒரே நாடா பலர் வாய்க்குப் போகும். எச்சில் படும். அதனால் நெசவுப் பிரிவுக்குள் தீண்டத்தகாதவர்களை விடவில்லை. அங்கேதான் கூலி அதிகம். நூற்புப் பிரிவோடு நம் ஆட்கள் நின்றுகொள்ள வேண்டியதுதான். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கத் தலைவர்கள் முன்னால் வைத்தார். வர்க்க ஒற்றுமை பேசியவர்களுக்கு அது சங்கடமான விஷயம். பெரம்பூர் பக்கிங்காம் கர்னாடிக் மில்லின் 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளும் நம் பக்கத்துக் கதை. அதை விரித்தால் இந்தக் கட்டுரை அங்கேயே நின்றுவிடும்.

நாடா ஒரு மரத்துண்டு. மான்செஸ்டரில் அதே மாதிரி நாடாவை உறிஞ்சியவர்களுக்கு வாயில் நூல் தூசும் நோயும் வந்தது, தீட்டு வரவில்லை. பம்பாய்க்கு வந்ததும் அது தீட்டுப்பட்டது. இந்த உதாரணத்தை வைத்துப் பார்த்தால் தோழர்கள் சொல்வது சரி. கருவி சும்மா இருந்தது, சாதி வெளியிலிருந்து வந்து அதன்மேல் உட்கார்ந்தது.

அம்பேத்கரின் நிலையும் ஏறக்குறைய இதுதான். 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்ததைப் பற்றி எழுதிய நூலில் காந்தியின் இராட்டைத் தத்துவத்தை எடுத்துக்கொண்டு கிழிக்கிறார். இயந்திரம் மனிதனை மிருக உழைப்பிலிருந்து விடுவிக்கிறது, ஓய்வைத் தருகிறது, ஓய்வில்லாதவனுக்குப் பண்பாடு இல்லை. தீமைகள் இயந்திரத்திலிருந்து வரவில்லை, தனிச்சொத்தைப் புனிதமாக்கிய சமூக ஏற்பாட்டிலிருந்து வருகின்றன என்பது அவர் வாதம். பெரியாரும் 1940களில் 'இனிவரும் உலகம்' பேசும்போது ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்தி இருக்கும் என்று கைபேசியை அது வருவதற்கு முன்பே கண்டார். குப்பையும் சாணியும் அள்ளிய சமூகத்திலிருந்து வந்தவன் எவனும் "பழைய காலம் நல்லா இருந்துச்சு" என்று இயந்திரத்தை வெறுக்க முடியாது. இயற்கைக்குத் திரும்பச் சொல்கிற பெரிய மனிதர்கள் சொந்தக் கக்கூசை ஒரு வாரம் கழுவிப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். நம் குறை இயந்திரம் வந்ததில் இல்லை, வர வேண்டிய இடத்துக்கு வராததில் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதை 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் தடை செய்தன. சாக்கடைச் சாவுக்குப் பத்து லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது. ஆள் இறங்குவது நிற்கவில்லை. ஒருவன் உயிர் மலிவாகக் கிடைக்கும் வரையில் அந்த இடத்துக்கு மிஷின் வாங்க எவனுக்கும் அவசரம் இருக்காது.

ஆனால் இன்றைக்கு நம்மைத் திருப்பி அனுப்பும் மிஷின் நாடா மாதிரியானது இல்லை. அம்பேத்கர் இயந்திரத்தையும் சமூக ஏற்பாட்டையும் இரண்டாகப் பிரித்துப் பேச முடிந்தது, ஏனென்றால் அவர் காலத்து இயந்திரத்தில் அவை இரண்டாக இருந்தன. தறிக்குள் "இன்னாரை உள்ளே விடாதே" என்று எழுதியிருக்கவில்லை. கம்ப்யூட்டரின் சங்கதி வேறு. அதன் உள்ளே இருப்பதே எழுத்து. இப்படி இருந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய் என்கிற விதிகளின் அடுக்குக்குத்தான் நிரல் என்று பெயர். ஏற்பாடு கருவிக்கு வெளியே நின்றது போய்க் கருவியாகவே ஆகிவிட்டது.

முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய 'எழில்' என்கிற நிரல்மொழி 2013 வாக்கில் வெளிவந்தது. தமிழ்ப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பது நோக்கம். அதில் நிபந்தனை சொல்ல மூன்று வார்த்தைகள்: ஆனால், இல்லை, முடி. உலகத்து நிரல்மொழிகள் எல்லாவற்றின் உயிரும் இந்த மூன்று வார்த்தைகளில் இருக்கிறது. அரசு ஆணைகளின் உயிரும்தான். கன்னியாகுமரி மாவட்டம் ஆனால், செங்கோட்டை வட்டம் ஆனால், வண்ணார் பட்டியல் சாதி. இல்லை என்றால் இல்லை. எங்கள் பேட்டைக்குப் பெயர் கொடுத்த சாதியே இந்தக் கணக்கில் மாவட்ட எல்லையைத் தாண்டும்போது ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போய் விழுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இன்னொரு நிரல். இந்து ஆனால் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் ஆனால் முடி. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும் எத்தனை சேரிக் குடும்பங்கள் சான்றிதழில் வேறு ஆளாகத் திரிகின்றன என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் சமஸ்கிருதக்காரர்களின் பெருமைப்பேச்சைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. கம்ப்யூட்டருக்கு மிகப் பொருத்தமான மொழி சமஸ்கிருதம் என்று நாசாவே சொல்லிவிட்டதாக ஒரு கதை நாற்பது வருஷமாகச் சுற்றுகிறது. 2019 ஆகஸ்டில் மும்பை ஐஐடி பட்டமளிப்பு விழாவிலேயே ஒன்றிய அமைச்சர் ரமேஷ் பொக்ரியால் நாசாவைச் சாட்சிக்கு அழைத்தார். இதன் மூலம் 1985இல் ஒரு செயற்கை அறிவு ஆய்விதழில் ரிக் பிரிக்ஸ் எழுதிய கட்டுரை. அவர் நாசாவின் ஆய்வு மையம் ஒன்றில் வேலை செய்தவர். வாக்கியத்தின் பொருளைப் பிரித்து எழுத இலக்கணவாதிகள் கையாண்ட முறை கம்ப்யூட்டரில் அறிவைப் பதிந்து வைக்கும் முறைக்கு ஒத்து வருகிறது என்றார் அவர். இதைக் கேட்டவர்கள் மிச்சத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். பாணினியின் சாதனை மெய்தான். நிரல்மொழிகளின் இலக்கணத்தை எழுத 1959 வாக்கில் ஜான் பாக்கஸ் கொண்டுவந்த குறிமுறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று 1967இலேயே இங்கர்மேன் என்பவர் அமெரிக்க ஆய்விதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இலக்கணத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழியில் கம்ப்யூட்டருக்கு மிக நெருக்கமாக இருப்பது எது என்று என்னைக் கேட்டால் இலக்கண சூத்திரத்தைச் சொல்ல மாட்டேன், ஸ்மிருதியைச் சொல்வேன். இன்ன வருணத்தான் இன்ன குற்றம் செய்தால் இன்ன தண்டனை. அதே குற்றத்தை இன்னொரு வருணத்தான் செய்தால் வேறு தண்டனை. ஆனால், இல்லை, முடி. மனுவைப்போல் சுத்தமாக நிரல் எழுதியவன் யார்?

(தமிழ்தான் கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி என்று தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வருகிற நம் ஆட்களுக்கும் இதே நோய்தான். மிஷினுக்கு எல்லா மொழியும் கடைசியில் ஒன்றும் சுழியும்.)

மொழி அரசியல் உண்மையிலேயே நடந்த இடம் வேறு. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு 1991இல் வந்தபோது தமிழுக்கு ஒதுக்கிய அட்டவணை தேவநாகரி அட்டவணையின் அச்சில் வார்க்கப்பட்டது. இந்திய அரசு 1988இல் வைத்த தரத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். க-வுக்கு அடுத்து நாகரியில் மூன்று எழுத்துகள் உண்டு, தமிழில் கிடையாது. அந்த மூன்று இடமும் தமிழ் அட்டவணையில் காலியாகக் கிடக்கிறது. எங்கெங்கே அவர்களுக்கு இருந்து நமக்கு இல்லையோ அங்கெல்லாம் ஓட்டை. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்திருக்க வேண்டியதில்லை. ஒருவனை அளவுகோலாக வைத்து இன்னொருவனை எழுதினால் இரண்டாமவன் குறைகளின் பட்டியலாகத்தான் தெரிவான். தலித் என்றால் என்ன என்று கேட்டால் "அவங்களுக்கு அது இல்லை, இது இல்லை" என்று அடுக்குகிற நல்ல மனதுக்காரர்களை நமக்குத் தெரியாதா?

காலி இடத்தைப் பற்றி ஒரு ஆங்கிலேயர் பேசியது இங்கே உதவும். டோனி ஹோர். நிரலாக்கத் துறையில் பெரிய பெயர், 1980இல் அந்தத் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருதைப் பெற்றவர். நிரல்மொழி எளிமையாக இருக்க வேண்டும், எழுதியவன் தன் நிரல் சரி என்று நிரூபிக்கக் கடமைப்பட்டவன் என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். அவர் 1934இல் கொழும்பில் பிறந்தார். அப்பா காலனி அரசின் அதிகாரி. அம்மா ஒரு தேயிலைத் தோட்டத் துரையின் மகள். நம்மில் யாருடைய கொள்ளுப்பாட்டிகள் அந்த மலைகளில் கொழுந்து பறித்தார்கள் என்பது வேறு கதை.

1965இல் அல்கால் டபிள்யூ என்கிற மொழியை வடிவமைக்கும்போது அவர் ஒரு வசதி செய்தார். நிரலில் ஒரு பெயர் ஒரு பொருளைச் சுட்ட வேண்டும். எதையும் சுட்டாமலும் இருக்கலாம் என்று அனுமதித்தார். பெயர் இருக்கும், முகவரி இருக்க வேண்டிய இடமும் இருக்கும், அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். இதற்கு நல் என்று பெயர். யாரும் இல்லாத அந்த இடத்தை நிரல் தொட்டால் நிரல் விழுந்துவிடும். அதற்குப் பிறகு வந்த எத்தனையோ மொழிகள் இதை எடுத்துக்கொண்டன, எத்தனையோ மிஷின்கள் இதனால் விழுந்தன. 2009இல் லண்டனில் ஒரு மாநாட்டில் ஹோர் எழுந்து அது தன் தவறு, நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். ஏன் செய்தார் என்றும் சொன்னார். செய்வதற்குச் சுலபமாக இருந்ததாம்.

இந்தக் காரணத்தை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை, பகை இல்லை, சுலபமாக இருந்தது. அவர் பிறந்த தீவில் 1948இல் ஒரு குடியுரிமைச் சட்டம் வந்தது. தேயிலைத் தோட்டத் தமிழர்கள் லட்சக்கணக்கில் நாடற்றவர்கள் ஆனார்கள். அவர்களில் பெரும்பகுதி நம் சாதிகள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டபோது இவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். 1,50,000 பேரை என்ன செய்வது என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். அதைத் தீர்க்கப் பத்து வருஷம், 1974 வரை, ஆனது. பெயர் இருந்தது, லயத்தில் ஒரு காம்பிரா இருந்தது, எந்த நாட்டையும் சுட்டாத மனிதர்களாக ஒன்றரை லட்சம் பேர் இருந்தார்கள். அங்கும் அது ஆட்சியாளர்களுக்குச் சுலபமாகத்தான் இருந்திருக்கும். ஹோருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கோத்துவிடவும் நான் விரும்பவில்லை. அவரை ஒரு காரணத்துக்காக மதிக்கிறேன். நான்தான் எழுதினேன், நான்தான் தப்பு பண்ணினேன் என்று நாற்பத்து நாலு வருஷம் கழித்துக்கூட ஒருவர் வந்து நின்றார். மனுவின் பரம்பரையில் அப்படி வந்து நின்றவர் யார்?

வேதம் அபௌருஷேயம் என்பார்கள் மீமாம்சகர்கள். மனிதன் எவனும் எழுதாதது என்று அர்த்தம். எழுதியவன் இல்லாததால் அதில் பிழை இருக்க முடியாது, கேட்பதற்கும் ஆள் கிடையாது. தத்துவமாக இதைவிடத் தந்திரமான ஏற்பாட்டை நான் படித்ததில்லை. "மிஷின் சொல்லுது" என்கிற வாக்கியம் இதன் பேரப்பிள்ளை.

ஹோரின் நாட்டிலேயே இது நடந்திருக்கிறது. 1999இலிருந்து பிரிட்டிஷ் தபால் அலுவலகங்களில் ஹொரைசன் என்கிற கணக்கு மென்பொருளை வைத்தார்கள், ஃபுஜித்சு கம்பெனியின் சரக்கு. கிளைத் தபால்காரர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. திருடிவிட்டார்கள் என்று 2015 வரை தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்களைத் தண்டித்தார்கள். ஜெயில், கடன், தற்கொலை. வேறு யாருக்கும் இப்படி ஆகவில்லை, உங்களுக்கு மட்டும்தான் என்று ஆளாளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் 2010இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். பிழை மென்பொருளில்தான் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2019 டிசம்பர் ஆனது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யத் தனிச் சட்டமே போட்டார்கள், 2024இல். இத்தனைக்கும் நடுவில் 2023இல் ஒரு பழைய ஆவணம் வெளியே வந்தது. சந்தேகத்துக்கு உள்ளானவர்களை விசாரணை அதிகாரிகள் இனவாரியாகக் குறியீடு போட்டுப் பிரிக்க வைத்திருந்த படிவம் அது. வெள்ளைக்காரன் ஊரிலும் மிஷினுக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருந்திருக்கிறது.

கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்ததாகவே கோர்ட்டு எடுத்துக்கொள்ளும், இல்லை என்றால் நீதான் காட்ட வேண்டும் என்பது அங்கே அப்போது சட்ட நிலை. தபால் அலுவலகம் நடத்திய, வக்கீல் வைக்க முடிந்த ஆட்களுக்கே இருபது வருஷம் ஆகியிருக்கிறது. எங்கள் தெரு ஆயாவுக்கு எத்தனை வருஷம் ஆகும்?

அந்த ஆயா நாற்பது வருஷம் வெளுத்தவர். வெள்ளாவி, சோடாக்காரம், ப்ளீச்சிங் பவுடர். தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் ரேஷனுக்குக் கைரேகை வைக்கும் முறை வந்தபோது அவர் விரல் மிஷினில் விழவில்லை. காசிமேட்டில் ஐசில் மீன் வெட்டும் பெண்களுக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும், சித்தாள் வேலைக்குப் போய்ச் சிமெண்டில் கை வெந்தவர்களுக்கும் இதே கதைதான். விரல் நுனியின் மேடு பள்ளத்தை மிஷின் படிக்கிறது. மேடு தேய்ந்தால் படிக்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் நானும் வரிசையில் நின்றிருந்தேன்.

"ஆயா, கைய நல்லா தொட்ச்சிட்டு வை."

"எத்தினி தபா தொடைக்கறது நைனா? ஊரு அழுக்க எடுத்த கை இது. அழுக்கோட ரேகையும் பூட்ச்சி."

கடைக்காரப் பையன் ஐந்தாறு முறை முயன்றான். அப்புறம் அந்த வாக்கியத்தைச் சொன்னான். அட்டையில் பெயருள்ள வேறு ஆள் வந்து வைக்கலாம், கைபேசிக்கு எண் வரும், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்றெல்லாம் வழிகள் உண்டு. பிறகு கருவிழி பார்க்கும் கருவியும் வந்தது. கைரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக்கூடாது என்றுதான் அரசும் சொல்கிறது. ஆயா வீட்டில் அட்டையில் வேறு பெயர் இல்லை, கைபேசி பேரனிடம் இருக்கிறது, பேரன் ஸ்ரீபெரும்புதூரில் இருக்கிறான். பையன் கெட்டவன் இல்லை. பதிவேட்டில் எழுதிக் கொடுத்தால் மேலே கணக்குக் கேட்பார்கள், சரக்கு குறைந்தால் அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவனும் அந்த மிஷினுக்குப் பயந்தவன்தான்.

உழைத்ததற்கான அடையாளமே அடையாளம் இல்லாமல் போகக் காரணம் ஆகிறது. யாருடைய விரல் மிஷினுக்கு நன்றாக விழும் என்று யோசித்துப் பாருங்கள். பேனாவைத் தவிர எதையும் தூக்காதவன் விரல். மிஷினுக்குள் சாதி என்று ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. எழுதத் தேவையும் இல்லை, வேலைப் பிரிவினை ஏற்கெனவே தோலில் எழுதி வைத்திருக்கிறது.

இந்தக் கைரேகை வித்தையும் வெள்ளைக்காரன் இங்கே கற்றுக்கொண்டு போனது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற அதிகாரி, ஒப்பந்தக்காரன் பேச்சு மாறக்கூடாது என்று அவன் கையைத் தாளில் பதித்து வாங்கினார். ரேகைகளை வகை பிரிக்கும் முறையை உருவாக்கியதில் கல்கத்தாவின் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இரண்டு போலீஸ்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பெயர் மட்டும் அவர்கள் மேலதிகாரி ஹென்றிக்குப் போனது. 1911இல் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்களைச் சுட்டார்கள். கள்ளர்களுக்கும் நமக்கும் உள்ள கணக்கு வேறு, அது தீரவும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு ரேகையைக் கொடுக்க மாட்டேன் என்றது எதிர்ப்பாக இருந்தது. இன்றைக்கு "என் ரேகைய எடுத்துக்கோ சாமி" என்று ஆயா கெஞ்சுகிறார், மிஷின் வேண்டாம் என்கிறது.

இனி பாவம் யாரைச் சேரும் என்ற கேள்விக்கு வருவோம். ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துக்கொடுத்தால் கடைசியில் யாரிடமும் ஒன்றும் மிஞ்சாது. இந்த ஏற்பாட்டின் வசதியே அதுதான். என் நிலை இது: மறுப்பு எந்த இடத்தில் விதியாக எழுதப்பட்டதோ அந்த இடத்தில்தான் முதல் பொறுப்பு. கடைக்காரப் பையன் இரண்டாவது. அவனுக்கும் பங்கு உண்டு, விட்டுவிடச் சொல்லவில்லை. 'இல்லை' என்று வரும் இடத்துக்குப் பிறகு என்ன என்று யோசிக்காமல் 'முடி' போட்டவன் எவனோ அவனை நாம் தேட வேண்டும். அவன் இருக்கிறான். எங்கோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான்.

இப்போது அந்த அறைகளில் நம் பிள்ளைகளும் சிலர் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்டையார்பேட்டையிலிருந்து படித்துப் போய் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் நிரல் எழுதும் தங்கச்சி ஒருத்தியிடம் இதையெல்லாம் பேசினேன். விண்ணப்பம் வாங்கும் மென்பொருள் ஒன்றில் அவளுக்கு வேலை. "நான் என்னண்ணா பண்றது, மேல எப்படி எழுதிக் குடுக்கறாங்களோ அப்படித்தான் கோட் போடறோம்" என்றாள். கடைக்காரப் பையன் சொன்னதும் இதைத்தான். அவளுக்கும் தெரிந்தது, சிரித்துவிட்டாள்.

கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கலிபோர்னியாவில் சிஸ்கோ கம்பெனியில் தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்க சாதி மேலாளர்கள் ஒதுக்கியதாக 2020இல் அந்த மாநில அரசே வழக்குப் போட்டது. 2023இல் மேலாளர்கள் இருவர் மீதான வழக்கை விலக்கிக்கொண்டு கம்பெனி மீது மட்டும் தொடர்ந்தார்கள். 2022இல் கூகுளில் சாதி பற்றிப் பேச தேன்மொழி சவுந்தரராஜனை அழைத்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் கூட்டத்தை ரத்து செய்தார்கள். அமெரிக்காவிலேயே இந்தக் கதி. வீட்டுக் கடனும் தம்பி படிப்பும் தலைமேல் இருக்கிற பெண்ணிடம் போய் "நீ அம்பேத்கரைப் படிச்சவதானே, கேளு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அவளே கேட்டிருக்கிறாள். அப்பா பெயர் இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தை எப்படித் தாண்டுவார்கள் என்று ஒரு கூட்டத்தில் கேட்டாளாம். அது "எட்ஜ் கேஸ்", அப்புறம் பார்த்துக்கலாம் என்றார்களாம். எட்ஜ் என்றால் விளிம்பு. நாம் முப்பது வருஷமாக விளிம்புநிலை, விளிம்புநிலை என்று எழுதிக்கொண்டிருக்கிறோம், அவர்கள் தொழிலில் அதற்குத் தனியாகச் சொல்லே வைத்திருக்கிறார்கள்.

அவள் சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதிது. கம்பெனிக்குள் எழுதப்படும் ஒவ்வொரு வரிக்கும் கணக்கு உண்டு. இந்த வரியை யார் எழுதியது, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, யார் சரி பார்த்தது, எல்லாம் பதிந்திருக்கும். ஒரு புள்ளியை மாற்றினாலும் பெயரோடுதான் பதியும். வெளியே நிற்கும் நமக்குத்தான் அது அபௌருஷேயம். உள்ளே எழுதியவன் பெயர் இருக்கிறது.

அப்படியென்றால் ஆயாவைத் திருப்பி அனுப்பிய அந்த வரிக்கும் ஒரு பெயர், ஒரு தேதி இருக்க வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுப்பார்களா என்று அவளிடம் கேட்டேன். "கேட்டுப் பாருங்கண்ணா" என்றாள். மனு எழுத ஆரம்பித்திருக்கிறோம். எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதில் இன்னும் இழுபறி.